மலைப்பூண்டு பேஸ்ட் போட்டேன், போக மாட்டேங்குது, என்ன மாத்தணும்?

பூம்பாறைக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். கொடைக்கானல் பக்கத்துல பூம்பாறையில ஒன்றரை ஏக்கர் படிக்கட்டு நிலம், அப்பா காலத்துல இருந்தே பூண்டுதான். 2019ல எங்க மலைப்பூண்டுக்கு, இந்த ஊருப் பொருள்னு காட்டுற புவிசார் குறியீடு கெடச்சப்ப இனிமே நல்ல வெல வரும்னு ரொம்ப நம்புனோம், ஆனா வடுகபட்டி மார்க்கெட்டுக்கு மூட்டையா கொண்டு போனா அங்க சொல்றதுதான் வெல. சரி நாமளே ஒரு பொருளாக்கி விப்போம்னு கடன் வாங்கி மிஷின், கண்ணாடி பாட்டில், லேபிள் எல்லாம் எறக்கி, அரைச்சு மேல நல்லெண்ணெய் ஊத்தி 200 கிராம் பாட்டிலா 300 போட்டேன். கொடைக்கானல்ல ரெண்டு கடையில வச்சும் 40 கூட போகல. வர்றவங்க பாட்டில எடுத்து பாக்குறாங்க, வச்சுட்டு பக்கத்துல தொங்குற பூண்டுக் கட்டை மோந்து பாத்து வாங்கிட்டுப் போயிடுறாங்க. லேபிள் டிசைன மாத்தணுமா, இல்ல வெலைய கொறைக்கணுமா?

மதுரை அம்மா:
தம்பி, நான் வாங்குற பக்கத்து ஆளு, அதனால சொல்றேன். போன வருஷம் என் மகளுக்கு பிரசவம், பால்ல பூண்டு வேகவச்சு குடுக்கணும்னு மலைப்பூண்டு தேடி அலைஞ்சேன். ஒரு கடையில மலைப்பூண்டுதான்னு சத்தியம் பண்ணி ஒரு கிலோ குடுத்தாங்க, வீட்டுல உரிச்சா காரமும் இல்ல வாசமும் இல்ல, சாதாப் பூண்டு. அதுக்கப்புறம் காஞ்ச தாளோட, வேர்ல மண்ணோட, புகை வாசம் அடிக்கிற கட்டா இருந்தாதான் வாங்குறது. அரைச்சுட்டா அது எந்தப் பூண்டுன்னு நான் எதை வச்சுப்பா நம்புறது? சமையலுக்கு அரைச்ச பூண்டுன்னா எங்க தெருக்கடையிலயே பாதி வெலைக்கு கெடைக்குதே.

கோத்தகிரி டீ:
அம்மா சொன்னதுதாண்ணே விஷயம், லேபிள் இல்ல. நாங்க சொந்தத் தோட்டத்துல இலை எடுத்து வீட்டு அளவுல ஒயிட் டீ, க்ரீன் டீன்னு பண்ணோம், வந்தவங்க ஆசையா வாங்குனாங்க, நாங்களும் ஓடிருச்சுன்னு நெனச்சோம். நோட்டுல ரெண்டாவது தடவ கேட்டவங்கள மட்டும் எழுத ஆரம்பிச்சப்பதான் தெரிஞ்சுது, திரும்பி வந்தவங்க முக்காவாசிப் பேர் கேட்டது பனிக்காலத்துல எடுத்த இலையில போட்ட சாதா டீத்தூள்தான். அத 100 கிராம் பாக்கெட்டா மாத்துனதும் கொரியர்ல போக ஆரம்பிச்சுது. நீங்க மறுபடி மிஷின் எதுலயும் காசு போடாதீங்க. 20 கட்டு மட்டும் எடுத்து, எந்த ஊரு, எந்த மாசம் பிடுங்குனது, உங்க போன் நம்பர் மூணையும் அட்டையில கையால எழுதி கட்டி விடுங்க. எத்தன பேர் திரும்பக் கூப்பிடுறாங்கன்னு பாத்துட்டு மேல யோசிக்கலாம்.

உணவு லேப்:
வேற ஒண்ணு, இது அவசரம். பச்சைப்பூண்ட அரைச்சு எண்ணெய் ஊத்தி வெளிய வைக்கிறது ஆபத்துங்க. போட்டுலினம்னு மண்ணுல இருக்குற கிருமி பூண்டோடயே வரும், காத்து இல்லாத இடத்துலதான் அது வளரும், எண்ணெய் காத்த அடைச்சிடும், பூண்டுல புளிப்பும் பத்தாது. புளிப்ப அளக்குற பிஎச் (கொறையக் கொறைய புளிப்பு ஜாஸ்தி) 4.6க்கு கீழ இருந்தாதான் அது வளராது, அதனாலதான் பெரிய கம்பெனிங்க அமிலம் சேத்து ஒவ்வொரு பேட்ச்சையும் அளந்து பாக்குறாங்க. கெட்டுப்போனா வாசத்துல தெரியாது, நிறமும் மாறாது. குழந்தை பெத்த வீட்டுக்குப் போற பொருள், மீதி பாட்டில தயவுசெஞ்சு இன்னிக்கே எடுத்துடுங்க.

பூம்பாறைக்காரன்:
ரெண்டு கடையிலயும் போய் எல்லாத்தையும் எடுத்துட்டேங்க, வாங்குனவங்கள்ல நம்பர் இருந்தவங்களுக்கு போன் பண்ணி சாப்பிட வேண்டாம்னு சொல்லிட்டேன். இது எனக்கு சத்தியமா தெரியாது, சொன்னதுக்கு ரொம்ப நன்றி. எங்க வீட்டுப் பரண்ல கட்டு கட்டா தொங்குது, கீழ அடுப்புப் புகைதான், விதைக்குன்னு அப்படித்தான் மாசக்கணக்குல வச்சிருப்போம். அத அப்படியே குடுக்கலாம்னு எனக்குத் தோணவே இல்ல. மதுரை அம்மா, ஒரு பிரசவத்துக்கு எவ்வளவு வேணும்?

மதுரை அம்மா:
எங்க வீட்டுல அரைக் கிலோ போதும் தம்பி, நாளைக்கு ஏழெட்டுப் பல்லு கணக்கு. ஈரம் இல்லாம காஞ்சதா, தாள அறுக்காம அனுப்புங்க, அடுக்களையில தொங்கவிட்டுக்குவேன். மருமகளுக்கு மாசியில தேதி குடுத்திருக்காங்க, தையிலயே எனக்கு ஒரு கட்டு எடுத்து வச்சிருங்க.