மாஸ்டர், ஸ்லேவ்: ‘வினவி’ சரிப்படுமா?

ஆலைக் கருவிகளும் கணினியும் பேசிக்கொள்ளும் மோட்பஸ் புரோட்டோகாலுக்கான லைப்ரரி லிப்மோட்பஸ். அதன் நிறுவல் குறிப்பைத் தமிழில் எழுத உட்கார்ந்து மூன்றாம் பத்தியிலேயே மாட்டிக்கொண்டேன். முதல் இரண்டில் பெரிய சிக்கல் இல்லை. லைப்ரரிக்கு ‘நிரலகம்’ என்றே போட்டிருக்கிறேன். ‘நூலகத்தை நிறுவவும்’ என்று எழுதினால் திறப்பு விழா அழைப்பிதழ் மாதிரி இருக்கிறது. புரோட்டோகாலுக்கு ‘நெறிமுறை’, கருவி மதிப்புகளை வைத்திருக்கும் ரெஜிஸ்டருக்குப் ‘பதிவகம்’. இவற்றில் யாருக்கும் சண்டை இருக்காது என்று நினைக்கிறேன்.

சிக்கல் மாஸ்டர் (கேட்கும் பக்கம்), ஸ்லேவ் (பதில் சொல்லும் பக்கம்) என்ற சோடியில்தான். ‘ஆண்டான், அடிமை’ வேண்டாம் என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்து. 1979இல் மோடிகான் நிறுவனம் இந்த நெறிமுறையை வெளியிட்டதிலிருந்து ஒட்டிக்கொண்டிருந்த அந்தப் பெயர்களை, மோட்பஸ் அமைப்பே 2020இல் கைவிட்டு கிளையன்ட், சர்வர் என்று மாற்றிவிட்டது. ‘முதன்மை, துணை’ என்ற யோசனை நாகரிகமானதுதான், ஆனால் ஆலைக்குள் அது வேறு பொருள் தரும். இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினியான பிஎல்சி ஒன்று பழுதானால் பொறுப்பேற்க இன்னொன்று தயாராக நிற்கும் அமைப்பு உண்டு. ‘துணை’ என்றால் அந்த இரண்டாவது பிஎல்சியைத்தான் நினைப்பார்கள், ஓரத்தில் கிடக்கும் மின்மானியை யாரும் நினைக்கமாட்டார்கள்.

சரி, கிளையன்ட், சர்வருக்கே போவோம் என்றால் அங்கே வேறொரு பள்ளம். சர்வர் என்றாலே நமக்குப் பெரிய கணினி. மோட்பஸில் தலைகீழ்: உள்ளங்கை அளவு மின்மானிதான் சர்வர், மேசையில் இருக்கும் கணினி கிளையன்ட். சர்வரை ‘வழங்கி’ என்று எழுதியிருந்த என் வரைவைப் படித்துப் பார்த்த ஒருவர், ‘முதலில் வழங்கியை இயக்கவும்’ என்ற வரியைப் பார்த்ததும், லினக்ஸ் மடிக்கணினியிலேயே ஒரு சர்வர் நிரலை எழுதி மோட்பஸுக்கு ஒதுக்கிய 502ஆம் துறையில் (போர்ட்) ஓடவிட்டார். 1024க்குக் கீழே உள்ள துறைகளைச் சாதாரணப் பயனர் திறக்க முடியாது, அதனால் அனுமதி இல்லை என்ற பிழை வந்தது. அரை நாள் அந்த அனுமதியோடு மல்லுக்கட்டினார். மின்மானியோ பக்கத்திலேயே, யாராவது கேட்பார்களா என்று 502ஐத் திறந்து வைத்துக் காத்திருந்தது. தப்பு அவருடையது இல்லை, என் வாக்கியத்துடையது.

அதனால் கம்பியில் உண்மையில் என்ன நடக்கிறது என்று பார்த்தேன். தொடர்துறை (சீரியல் போர்ட்) வழியாகக் கணினி அனுப்புவது இது: 01 03 00 00 00 02, அப்புறம் பிழை கண்டுபிடிக்க இரண்டு பைட். ‘ஒன்றாம் எண் கருவியே, தொடக்கத்திலிருந்து இரண்டு பதிவகங்களைச் சொல்’ என்று பொருள். கருவி 01 03 04 என்று ஆரம்பித்து நான்கு பைட் மதிப்பைத் தரும். கேட்காமல் அது வாயே திறக்காது. ஒரே கம்பியில் 247 கருவிகளுக்கு எண் கொடுக்கலாம், ஆனால் பேச்சைத் தொடங்குவது எப்போதும் ஒருவர்தான். அந்த ஒருவருக்கு நான் முன்வைக்கும் சொல் ‘வினவி’. எதிரே இருப்பது பழைய ‘வழங்கி’யே. சர்வர் என்ற சொல்லைவிட வழங்கி இங்கே நன்றாகவே பொருந்துகிறது, மானி மதிப்பை வழங்கத்தானே செய்கிறது!

மறுப்புகள் எனக்கும் தெரிகின்றன. பதிவகத்தில் எழுதும்போது வினவல் ஏது, வழங்கல் ஏது என்று கேட்கலாம். 06 என்ற எழுதும் கட்டளைக்கும் பதில் உண்டு. ஏற்றுக்கொண்ட கருவி, அனுப்பியதை அப்படியே திருப்பிச் சொல்லும். ‘எழுதிவிட்டாயா?’ என்ற கேள்விக்கு விடை என்று வைத்துக்கொள்ளலாம். கொஞ்சம் இழுத்துப் பிடிக்கிறேன், ஒப்புக்கொள்கிறேன். ‘வாங்கி, வழங்கி’ ஓசைக்கு அழகுதான். ஆனால் இரண்டும் பார்வைக்கு அவ்வளவு நெருக்கம், இரவு வேலையில் ஒன்றை மற்றொன்றாகப் படித்துவிடுவோம். ‘வினவி வழங்கியோடு இணைகிறது’ என்றால் வினையெச்சமாகவும் படிக்கலாம் என்பது நியாயமான குறை. ‘வினவி நிரல்’ என்று எழுதினால் தீர்ந்துவிடுகிறது. ‘உலாவி’க்கும் இதே குறை உண்டு, பழகிவிட்டோம்.

நிரலகத்தின் செயற்கூறு (ஃபங்ஷன்) ஒன்றின் பெயரில் ‘செட் ஸ்லேவ்’ இன்னும் இருக்கிறது, அதை நாம் மாற்ற முடியாது. விளக்கத்தில் ‘அலகு எண்ணைக் குறிக்கும் செயற்கூறு’ என்று எழுதப்போகிறேன்.

நிறுவும் பகுதியில் சொல்லுக்கு வேலை குறைவு. டெபியன், உபுண்டுவில் ‘லிப்மோட்பஸ்-டெவ்’ தொகுப்பு வேண்டும், டெவ் இல்லாததை மட்டும் நிறுவினால் தலைப்புக் கோப்பு (ஹெடர்) கிடைக்காது. தொகுப்பு நிறுவியாக மேக்கில் ஹோம்ப்ரூ, விண்டோஸில் விசிபிகேஜி. தொடர்துறையின் பெயர்தான் ஒவ்வொரு இயங்குதளத்திலும் ஒரு மாதிரி. விண்டோஸில் காம்9 வரை சும்மா எழுதலாம், காம்10 முதல் முன்னால் இரண்டு பின்சாய்கோடு, ஒரு புள்ளி, இன்னொரு பின்சாய்கோடு சேர்க்க வேண்டும். டெபியன் வழி வந்தவற்றில் பயனரை ‘டயல்அவுட்’ குழுவில் சேர்க்காவிட்டால் துறை திறக்காது. அந்தக் குழுப் பெயரைத் தயவுசெய்து யாரும் மொழிபெயர்க்க வேண்டாம், கட்டளையில் அப்படியே தட்ட வேண்டியது.

‘காயில்’ (coil) என்ற சொல் மிச்சம் இருக்கிறது. ரிலேயின் கம்பிச்சுருளிலிருந்து வந்த பெயர், ஆனால் மோட்பஸில் அது படிக்கவும் எழுதவும் கூடிய ஒற்றை பிட். ‘சுருள்’ என்றால் படிப்பவர் கம்பியைத் தேடுவார். இப்போதைக்குக் காயில் என்றே விட்டிருக்கிறேன்.

‘வினவி’ பிடிக்காதவர்கள் உங்கள் சொல்லை இந்த வாக்கியத்தில் பொருத்திப் பார்த்துவிட்டு எழுதுங்கள்: ‘உங்கள் கணினியில் ஓடுவது வினவி நிரல், மின்மானிதான் வழங்கி, ஆகவே 502ஆம் துறையைக் கணினியில் திறக்க வேண்டியதில்லை.’