மாதிரி எடுத்த குழியை வெல்டிங் செய்து நிரப்ப வேண்டுமா?

கேள்வி: உயர் வெப்பத்தில் ஹைட்ரஜனைக் கையாளும் கார்பன் எஃகுக் கலனொன்றின் உட்சுவரிலிருந்து, நுண்ணமைப்பை ஆராய்வதற்காகப் படகு வடிவில் ஒரு சிறு துண்டை வெட்டியெடுக்கவுள்ளோம். எஞ்சும் குழியை வெல்டிங் செய்தே ஆக வேண்டுமா?

பதில் 1: அவசியமில்லை. குழியின் அடியில் எஞ்சும் தடிமன், இனிவரும் அரிமானத்தைக் கழித்த பின்னும் அழுத்தத்தைத் தாங்கத் தேவை எனக் கணக்கிட்ட குறைந்தபட்ச அளவுக்குக் குறையாதிருந்தால், ஓரங்களைச் சரிவாகத் தேய்த்து, காந்தத்துகள் சோதனையில் (காந்தப்படுத்திய பரப்பில் இரும்புத்துகளைத் தூவி விரிசலைக் கண்டறிவது) விரிசலில்லை என்று உறுதிசெய்துகொண்டு அப்படியே விட்டுவிடலாம். குறைந்தால், வெல்டிங்கிற்கு முன் ஏபிஐ 579 நெறிப்படி (சேதமுற்ற கலனைத் தொடர்ந்து பயன்படுத்தலாமா என்று கணிக்கும் அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவன நெறி) மதிப்பிடுங்கள்.

பதில் 2: நானும் அதையே சொல்வேன். ஹைட்ரஜன் ஊறிய எஃகைச் சூடாக்கி அவ்வாயுவை வெளியேற்றாமல் வெல்டிங் செய்தால், பழுதுபார்ப்பே புதிய விரிசலுக்கு வழிவகுக்கும்.

கேட்டவர்: சுவரின் தடிமன் 45 மி.மீ.

பதில் 1: அப்படியானால், வெல்டிங் செய்தால் ஆஸ்மி (அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம்) விதிப்படி பின்வெப்பப் பதப்படுத்தலும் (வெல்டிங்கிற்குப் பின் சூடாக்கி உள்தகைவைத் தணிப்பது) சேர்ந்துகொள்ளக்கூடும்; வெல்டிங்கே தேவைப்படாதபடி துண்டை ஆழமில்லாமல் எடுப்பதே மலிவு.