சீல் ஆன பழைய கேஸ்: நியூயார்க் துப்பாக்கி லைசென்ஸ் படிவத்தில் சொல்ல வேண்டுமா?

குயின்ஸ்_கடைக்காரன்:
வணக்கம். க்ரீன் கார்டில் இருக்கிறேன், குயின்ஸில் சின்ன மளிகைக் கடை. ராத்திரி கல்லாப் பணத்தோடு தனியாகத் திரும்புவதால், துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல லைசென்ஸ் வாங்கப் பார்க்கிறேன். 2012இல் இங்கே படிக்கும்போது ஒரு கைகலப்பில் என்னையும் சேர்த்துக் கைது செய்து கைரேகை எடுத்தார்கள். கோர்ட்டில் ஆறு மாதம் ஒத்திவைத்து, அதற்குள் வேறு வம்பு இல்லை என்றதும் தள்ளுபடி செய்து சீல் வைத்துவிட்டார்கள். இனி யார் கேட்டாலும் இல்லை என்றே சொல்லலாம் என்றார் வக்கீல், வேலைகளுக்கு அப்படியே சொன்னேன், ஒன்றும் ஆகவில்லை. இந்தப் படிவம் எப்போதாவது கைதானதுண்டா என்று கேட்கிறது. ஆமாம் போட்டால் நானே குழி வெட்டிக்கொள்வது போல ஆகாதா?

ஹூஸ்டன்_மச்சான்:
இல்லைன்னு போடுங்க பாஸ். டெக்ஸாஸில் எக்ஸ்பங்ஷன் ஆர்டர் (பதிவையே அழிக்கச் சொல்லும் கோர்ட் உத்தரவு) கிடைத்துவிட்டால் அந்தக் கைது நடக்கவே இல்லை என்று சொல்லச் சட்டமே இடம் தருகிறது. அதோடு 2021 செப்டம்பரிலிருந்து இங்கே பெரும்பாலானவர்களுக்கு லைசென்ஸே வேண்டாம்.

லாங்ஐலண்ட்_அண்ணாச்சி:
மச்சான் சொல்வது அவர் ஊருக்குச் சரி, அதுவும் எக்ஸ்பங்ஷனுக்கு மட்டும். அங்கேயே நான்டிஸ்க்ளோஷர் ஆர்டர் (பதிவை அழிக்காமல் வெளியாரிடமிருந்து மறைக்கும் உத்தரவு) வேறு, அந்தப் பதிவைப் போலீஸ் துறை பார்க்க முடியும்.

நியூயார்க்கில் சீல் என்பது அழித்தது ஆகாது, பூட்டி வைத்தது. தள்ளுபடியான கேஸைப் பூட்டும் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 160.50 பிரிவே, துப்பாக்கி லைசென்ஸ் கேட்பவரின் கோப்பை லைசென்ஸ் அதிகாரிக்குத் திறந்துவிடுகிறது. முதலாளி இந்த மாதிரி கைதைப் பற்றிக் கேட்கக் கூடாது என்கிற மனித உரிமைச் சட்டம் 296(16)உம் துப்பாக்கி லைசென்ஸை விலக்கி வைத்திருக்கிறது. உங்கள் வக்கீல் வேலையை மனதில் வைத்துச் சொல்லியிருப்பார். கைரேகை எடுத்ததும் 2012 மேலே வந்துவிடும், அப்போது பிரச்சினை பழைய கைகலப்பு இல்லை, கையெழுத்துப் போட்டுச் சொன்ன பொய். அது தனிக் குற்றம். ஆகவே ஆமாம் என்று போடுங்கள்.

குயின்ஸ்_கடைக்காரன்:
சரி அண்ணாச்சி. அப்போ கடையில் துப்பாக்கி வாங்கும்போது நிரப்பும் 4473 படிவத்திலும் ஆமாம்தானா?

லாங்ஐலண்ட்_அண்ணாச்சி:
இல்லை, அங்கேதான் நிறைய பேர் குழம்புகிறார்கள். 4473 மத்திய அரசுப் படிவம். தண்டனைத் தீர்ப்பு உண்டா, இப்போது வழக்கு நிலுவையில் இருக்கிறதா என்றுதான் கேட்கும், பழைய கைதைக் கேட்காது. உங்களுக்குத் தீர்ப்பே இல்லை, அந்தக் கேள்விகளுக்கு இல்லை என்பதே உண்மை. தண்டனை ஆகி பிறகு பதிவு எக்ஸ்பஞ்ச் ஆனவர்களுக்கும் (அழிக்கப்பட்டவர்களுக்கும்), துப்பாக்கி கூடாது என்று அந்த உத்தரவே சொல்லாதவரை மத்திய சட்டம் அதைத் தண்டனையாக எண்ணாது.

நியூஜெர்சி_அக்கா:
ஒன்று விட்டுப் போச்சு தம்பி. க்ரீன் கார்டு என்றால் நாளைக்குக் குடியுரிமைக்கு என்-400 போடுவீர்கள் இல்லையா, அது சீல் ஆனது, எக்ஸ்பஞ்ச் ஆனது எல்லாவற்றையும் சேர்த்தே சொல்லச் சொல்கிறது. லைசென்ஸுக்கு இல்லை, அங்கே ஆமாம் என்று இரண்டு விதமாக எழுதிவிட்டு இன்டர்வியூவில் உட்காராதீர்கள். அப்புறம் இதைப் படிக்கும் எச்1பி பிள்ளைகளே, உங்களுக்குக் கேள்வியே வேறு. வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விலக்கு தவிர, அந்த விசாவில் துப்பாக்கி வைத்திருப்பதே மத்தியக் குற்றம்.

குயின்ஸ்_கடைக்காரன்:
நன்றி அக்கா. எதையெல்லாம் இணைக்கணும்? 16 மணி நேர வகுப்பு, 2 மணி நேரச் சுடும் பயிற்சி முடித்துவிட்டேன், நற்சான்று சொல்ல நாலு பேரும் தயார்.

லாங்ஐலண்ட்_அண்ணாச்சி:
கேஸ் நடந்த கோர்ட்டின் கிளார்க்கிடம் புகைப்பட அடையாள அட்டையோடு போய், கேஸ் எப்படி முடிந்தது என்று காட்டும் டிஸ்போசிஷன் சர்டிபிகேட் கேளுங்கள், சீல் ஆனாலும் கேஸ் உங்களுடையது, தருவார்கள். கூடவே நோட்டரி கையெழுத்தோடு ஒரு விளக்கம்: தேதி, என்ன குற்றச்சாட்டு, என்ன நடந்தது, எப்போது தள்ளுபடி. அரைப் பக்கம் போதும், அன்றைக்கு யார் முதலில் கை நீட்டியது என்கிற பஞ்சாயத்தெல்லாம் வேண்டாம். வேறு மாநிலத்தில் சம்மன் ஏதாவது இருந்தால் அதையும் இப்போதே தேடி எடுத்துவிடுங்கள்.