கலைச்சொல்: ‘டியூட்டி டு அக்காமடேட்’ – பணிபொருத்தல்?

அன்பு நண்பர்களுக்கு, வணக்கம்.

கனடாவில் தொழிற்சங்கப் பிரதிநிதிகளுக்கான தமிழ்க் கையேட்டில் ‘டியூட்டி டு அக்காமடேட்’ என்பதற்கு ஒரு சொல் வேண்டும். மதம், உடற்குறை, கர்ப்பம் போன்ற காரணத்தால் ஒரு பணிவிதி ஒருவரை வெளியே தள்ளும்போது, அவரால் வேலை செய்ய முடிகிறபடி அந்த விதியை மாற்றித்தர வேண்டிய சட்டக் கடமை இது. வரைவில் ‘சலுகை’, ‘இடமளித்தல்’, ‘தகவமைப்பு’, ‘உள்வாங்கல்’ நான்கும் மாறிமாறி வருகின்றன. எதை நிலைநிறுத்தலாம்?

——

> ‘சலுகை’, ‘இடமளித்தல்’, ‘தகவமைப்பு’, ‘உள்வாங்கல்’

ஐயா, சலுகையை முதலில் நீக்கிவிடுங்கள். கொடுப்பவர் மனம் வைத்தால்தான் சலுகை. “அவருக்கு மட்டும் என்ன சலுகை?” என்று சக ஊழியர் கேட்பதற்கு அந்தச் சொல்லே வழி திறந்துவிடுகிறது. இடமளித்தலும் அப்படித்தான். ‘இடங்கொடுத்தால் மடம் பிடுங்குவான்’ என்று சொல்லிப் பழகிய மொழியில் அதை ஒரு கடமைக்குப் பெயராக வைக்க முடியாது.

தகவமைப்பு உயிரியலில் வேர்பிடித்த சொல். சூழலுக்கு ஏற்ப உயிரி தன்னை மாற்றிக்கொள்வதை அது குறிக்கும். இங்கே மாற வேண்டியது சூழல்.

உள்வாங்கல்தான் எனக்கு மிகவும் உறுத்துகிறது. பூர்வகுடிப் பிள்ளைகளை வதிவிடப் பள்ளிகளில் சேர்த்து, தாய்மொழியைத் தடுத்து, பெரும்பான்மைக்குள் கரைக்கப் பார்த்த கொள்கைக்குத் தமிழில் வேறு என்ன பெயர் சொல்வோம்? அதை விசாரித்த கனடாவின் உண்மை, நல்லிணக்க ஆணைக்குழு 2015-இல் வெளியிட்ட 94 செயல் அழைப்புகள் அந்தக் கொள்கையின் விளைவுகளைச் சீர்செய்யக் கேட்பவை. கையேட்டில் பூர்வகுடிகளோடான நல்லிணக்கம் பற்றிய அத்தியாயமும் இருக்கையில், இந்தச் சொல் அங்கே வரக் கூடாது.

என் பரிந்துரை ‘பணிபொருத்தல்’. பொருந்து தன்வினை, பொருத்து பிறவினை. திருந்து, திருத்து போல. ஊழியர் வேலைக்குப் பொருந்திக்கொள்வதைச் சொல்லவில்லை, வேலையை ஊழியருக்குப் பொருத்துவதைச் சொல்கிறோம். ‘பணிபுரிதல்’ போல நடுவே ஒற்று மிகாது. வினையாகவும் இயல்பாக வரும்: “வேலைநேரத்தைப் பொருத்தித் தந்தார்கள்.”

——

> வேலையை ஊழியருக்குப் பொருத்துவதை

சொல் பிடித்திருக்கிறது, அம்மா. ஆனால் பொருத்துபவர் யார்? முதலாளி மட்டும்தான் என்று வாசகர் எண்ணிவிடுவார். சங்கத்துக்கும் அந்தக் கடமை உண்டு என்பதைக் கனடா உச்ச நீதிமன்றம் 1992-இல் ரெனோ வழக்கில் தீர்த்துச் சொல்லிவிட்டது.

ரெனோ, பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு பள்ளிப் பராமரிப்புப் பணியாளர். கூட்டு ஒப்பந்தப்படி அவருடைய பணிநேரத்தில் வெள்ளி மாலையும் அடங்கும். வெள்ளிச் சூரியன் மறைந்தது முதல் சனி மறையும்வரை வேலை செய்யக் கூடாதென்பது அவர் மதநெறி. ஞாயிறு முதல் வியாழன்வரை வேலை தரலாம் என்று நிர்வாகம் யோசித்தது. ஒப்பந்தத்துக்கு விலக்கான ஏற்பாடு என்பதால் அதற்குச் சங்கத்தின் சம்மதம் வேண்டும். சங்கம் மறுத்தது, மீறினால் முறையீடு செய்வோம் என்றது. பணியாளர் வேலை இழந்தார். ஒரு சங்கம் இரண்டு வழிகளில் பொறுப்பாகலாம் என்றது நீதிமன்றம்: பாகுபாடான விதியை வகுப்பதில் பங்கெடுத்திருந்தால், நிர்வாகத்தின் நியாயமான முயற்சிக்குத் தடையாக நின்றால். மற்ற உறுப்பினர்கள் முகம் சுளிப்பார்கள் என்பது போதாது, அவர்கள் உரிமை கணிசமாகப் பாதிக்கப்பட வேண்டும். கேட்பவருக்கும் பொறுப்பு உண்டு. நியாயமான ஏற்பாடு வந்தால், அது முழுத் திருப்தி தராவிட்டாலும் ஏற்க வேண்டும்.

ஆகவே சொல்விளக்கத்தில் ‘நிர்வாகம், சங்கம், ஊழியர் மூவரும் சேர்ந்து’ என்ற தொடர் கட்டாயம் வரட்டும்.

செய்முறையையும் சேருங்கள். கோரிக்கை எழுத்தில் இருக்க வேண்டும். மருத்துவச் சான்றில் பொதுவாக நோயின் பெயர் தேவையில்லை. ‘10 கிலோவுக்கு மேல் தூக்க இயலாது, தொடர்ந்து 30 நிமிடத்துக்கு மேல் நிற்க இயலாது’ என்பது போன்ற எல்லைகள்தான் தேவை. தேடும் வரிசை: அதே வேலையைச் சிறிது மாற்றி, பிறகு சில பகுதிகளை எடுத்துவிட்டு, பிறகு அதே அலகில் (ஒரே கூட்டு ஒப்பந்தத்தின் கீழ் வரும் ஊழியர் பிரிவில்) வேறு வேலை, கடைசியாகத்தான் அலகுக்கு வெளியே. முடிவைக் கடிதமாக எழுதி மூவரும் ஒப்பமிட வேண்டும், மறுபரிசீலனைத் தேதியோடு.

பெரும்பாலும் கெட்டுப்போவது இரண்டு இடத்தில். தேதி எழுதாத ஏற்பாடு, மேலாளர் மாறியதும் காற்றில் போய்விடும். எடுத்துவிட்ட பளு முழுவதும் ஒரே சக ஊழியர் தலையில் விழுந்தால், அவருடைய கோபம் நிர்வாகத்தின் மீது போகாது, பக்கத்தில் நிற்பவர் மீதுதான் போகும். எனவே ஒப்பமிடும் முன்பே ‘இந்தப் பளு யாரிடம் போகிறது?’ என்று பிரதிநிதி கேட்டு, அதையும் கடிதத்தில் எழுதிவிட வேண்டும். மற்றவர்களிடம் என்ன மாறுகிறது என்று சொன்னால் போதும், ஏன் என்று சொல்லக் கூடாது.

உறுப்பினர் மீது உறுப்பினரே புகார் கொடுத்தால் இருவருக்கும் தனித்தனிப் பிரதிநிதி. ஒரே ஆள் இரு பக்கமும் பேசினால், பிறகு அந்தச் சங்கத்தை இருவருமே நம்பமாட்டார்கள்.

——

இருவருக்கும் நன்றி. ‘பணிபொருத்தல் கடமை’ என்றே இடுகிறேன், மூவர் என்ற தொடரோடு.

அத்தியாயத் தலைப்பில் ‘ரிகன்சிலியேஷன்’ என்பதற்கு இட்ட ‘நல்லிணக்கம்’ மாற வேண்டாம் என்பது என் முடிவு. ‘மீளிணக்கம்’ என்றால் முன்பு இணக்கம் இருந்ததாக ஆகிவிடும். ‘சமரசம்’ கூலிப் பேச்சுவார்த்தைக்கு உரியது. ஆனால் நல்லிணக்கம் ஒரு நிலையை மட்டும் குறிப்பதால், யார் என்ன செய்ய வேண்டும் என்பதை அத்தியாயமே சொல்லியாக வேண்டும். எடுத்துக்காட்டாக, கூட்டாட்சித் தொழிற்சட்டத்தின் கீழ் வரும் பூர்வகுடி ஊழியருக்கு, மூன்று மாதம் தொடர்ந்து பணிபுரிந்த பின், வேட்டை, மீன்பிடி, அறுவடை போன்ற மரபு வழக்கங்களுக்கு ஆண்டுக்கு 5 நாள் வரை விடுப்பு உண்டு. ஊதியம் கிடையாது. அதற்கு ஊதியம் கேட்பது கூட்டு ஒப்பந்தப் பேச்சில் சங்கத்தின் வேலை. துக்க விடுப்புப் பட்டியலில் பெற்றோர், பிள்ளைகளோடு நிறுத்தாமல், வளர்த்த அத்தையையும் சமூக மூத்தவரையும் சேர்க்கக் கேட்பதும் அப்படியே.

ஒரு சொல் இன்னும் பாக்கி. பொருத்தும் கடமை முடிகிற எல்லையான ‘அன்டியூ ஹார்ட்ஷிப்’. வரைவில் ‘சிரமம்’ என்று இருக்கிறது. சிரமம் எந்த ஏற்பாட்டிலும் கொஞ்சம் இருக்கும். சட்டம் அதைத் தாங்கிக்கொள்ளச் சொல்கிறது. ‘தாங்கவொண்ணா இடர்’ சரியா? கருத்துச் சொல்லுங்கள்.