புதுப்பிப்பு: ஒப்புக்கொடுத்தும் தூக்கம் வரவில்லை என்றேனே

எல்லாவற்றையும் ஆண்டவரிடம் ஒப்புக்கொடுத்துவிட்டேன், ஆனாலும் ராத்திரி தூக்கமில்லை என்று போன மாதம் எழுதியிருந்தேன். பலர் மத்தேயு 11:28-ஐ அனுப்பினீர்கள்; பாரம் சுமக்கிறவர்களே, என்னிடம் வாருங்கள் என்று இயேசு அழைக்கிற பைபிள் வசனம். சரி, அடுத்த வசனத்தையும் சேர்த்துப் படித்தேன். இளைப்பாறுதல் இரண்டு தடவை வருகிறது: 28-இல் அவர் தருவதாக, 29-இல் நமக்குக் கிடைப்பதாக. நடுவில், என் நுகத்தை ஏற்றுக்கொள்ளுங்கள் என்கிறார்! ஓய்வு கேட்டவனுக்கு நுகமா என்று எரிச்சல்தான் வந்தது. அப்புறம் உறைத்தது: நுகத்தில் பூட்டிய மாடு வழியைத் தீர்மானிப்பதில்லை. நானோ ஆமென் சொன்ன கையோடு கவலையைத் திரும்ப எடுத்து மடியில் வைத்துக்கொள்கிற ஆள்.

இப்போது நடுராத்திரி விழிப்பு வந்தால், இறுக மூடிய கையைத் திறந்து மல்லாக்க வைத்து, “இது உம்முடையது” என்கிறேன். அவ்வளவுதான். பிரச்சினை அப்படியே இருக்கிறது. ஆனால் நேற்று பல் தேய்க்கும்போது ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தேன், கவனித்தால், பாட்டு.