கலைச்சொல் வேண்டும்: தொலைநோக்கிப் படங்களின் ‘பைப்லைன்’

அல்சூர் ஆசிரியை:
நண்பர்களே, ஞாயிறு அறிவியல் வகுப்புக்காக, இந்தியாவின் வானியல் செயற்கைக்கோளான அஸ்ட்ரோசாட் பற்றிய சுவரொட்டி தயாராகிறது. நாளை மாலை அச்சகத்துக்குப் போக வேண்டும். விண்வெளித் தொலைநோக்கி அனுப்பும் தரவை ஆள் தலையீடின்றிப் படமாக்கும் மென்பொருளைப் ‘பைப்லைன்’ என்கிறார்கள். ‘குழாய்வழி’ என்று போட்டால் பிள்ளைகள் காவிரிக் குடிநீரை நினைப்பார்கள். வேறு சொல் உண்டா?

ஜெயநகர்ப் பெரியவர்:
அம்மா, ‘தூம்பு’ இருக்கக் கவலை எதற்கு? ஏரிநீரை வயலுக்கு விடுவது தூம்பு. உள்துளை உள்ள எதற்கும் பொருந்தும். துதிக்கையைப் புறநானூறு ‘தூம்புடைத் தடக்கை’ என்கிறது. யானை பெருமூச்சு விடுவதுபோல் ஒலிக்கும் இசைக்கருவியும் தூம்புதான், மலைபடுகடாம் பார்க்க. ‘படிமத்தூம்பு’ என்க.

கோரமங்களா பொறியாளர்:
ஐயா, தூம்பில் புகுந்த நீரேதான் வெளியே வரும். இங்கே அப்படியில்லை. 2015இல் ஏவிய அஸ்ட்ரோசாட்டின் புறஊதாத் தொலைநோக்கி யூவிஐடி, ஒளித்துகள்கள் விழும் இடங்களை நொடிக்குச் சுமார் 29 சட்டகங்களாக, அதாவது தனித்தனிப் படங்களாக, பதிகிறது. செயற்கைக்கோள் மெல்ல ஆடும். ஒவ்வொரு சட்டகத்தையும் அதற்கேற்ப நகர்த்தி அடுக்காவிட்டால், விண்மீன் புள்ளியாக இராமல் கோடாக இழுபடும். காஸ்மிக் கதிரின் தடத்தை விலக்க வேண்டும், உணரியின் உணர்திறன் இடத்துக்கிடம் மாறுவதை ஈடுகட்ட வேண்டும். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கிக்கு இத்தகைய வேலைகளை மூன்று கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். உணரியின் பிழைகளைச் சரிசெய்ய உதவும் அளவுத்திருத்தக் கோப்பு மேம்பட்டால் பழைய தரவையும் முதலிலிருந்து ஓட்டுவார்கள். வயலுக்குப் போன நீர் ஏரிக்குத் திரும்புமா? வரிசையாகக் கோத்த செயல்கள் என்ற பொருளில் ‘தானியங்கிச் செயற்கோவை’ என்பது என் முன்மொழிவு.

மல்லேசுவரம் அன்பர்:
அவசரத்தில் ‘செயற்கைக் கோவை’ என்று படிப்பார்கள். கோவை என்றாலே என் மகளுக்குப் பாட்டி ஊர். பஸ் ஓடுகிறதே, பைப்லைனும் ஓடட்டும்.

ஜெயநகர்ப் பெரியவர்:
பேருந்து வந்து எத்தனை காலமாயிற்று! இன்னொன்று: தானியங்கி பெயர்ச்சொல். இங்கே வேண்டியது வினைத்தொகை, அதில் ஒற்று மிகாது. ‘தானியங்கு படிமத்தூம்பு’.

கோரமங்களா பொறியாளர்:
இலக்கணத்தை ஏற்கிறேன் ஐயா. தூம்பை ஏற்கவில்லை.

அல்சூர் ஆசிரியை:
அச்சகத்திலிருந்து மறுபடியும் அழைத்துவிட்டார்கள். பொறியாளர் பக்கம் சாய்ந்து ‘தானியங்கு செயற்கோவை’ என்றே அனுப்பிவிட்டேன். மல்லேசுவரத்தாருக்காக அடியில் சிறிய எழுத்தில் பைப்லைனும் உண்டு.

ஜெயநகர்ப் பெரியவர்:
என் மறுப்பைப் பதிவுசெய்துகொள்ளுங்கள். மலைபடுகடாம் சொல்லும் அந்த இசைக்கருவியான களிற்றுயிர்த் தூம்பு பற்றிய நச்சினார்க்கினியர் உரையை இன்றிரவு தட்டச்சு செய்து அனுப்புகிறேன்.