ஆந்திரா நகரி வீட்டு குரூப்: ஆயா நோட்டு

கஸ்தூரி அத்தை: (ஃபார்வர்ட்) 2032 டிசம்பர் 22 விண்கல் விழுந்து உலகம் அழியும்!! 10 பேருக்கு அனுப்பவும் 🙏

மணி: அத்தே அது 2024 ஒய்ஆர்4ங்கற கல்லு. 2025 பிப்ரவரில 3 சதவீதம் சான்ஸ்னாங்க, மாசம் முடியறதுக்குள்ள பூமி மேல விழாதுன்னுட்டாங்க. பழைய நியூஸ்

பெரியப்பா: 2032 கெடக்கட்டும். வர்ற ஞாயித்துக்கிழம நம்ம வீட்டு ஓடு இறக்கறாங்க. பரண்ல கீறத யார் வந்து எறக்கறீங்க

பெரியப்பா: அம்மா டிரங்கு பொட்டி கீது. உள்ள 11 நோட்டு. ஒரு மூலைல கரையான்

லதா சித்தி: 2021 மழைல நனஞ்சதே அதுவா பாவகாரு

பெரியப்பா: அதேதாம்மா

மணி: பால் கணக்குதான

சேகர் சித்தப்பா: பால் கணக்குதானன்னு சொல்லாத மணி. இராக்ல ஊர்னு ஒரு பழைய நகரம், அங்க நன்னின்னு ஒருத்தன் ஏயா-நாசிர்ங்கற வியாபாரிகிட்ட செம்பு வாங்கறான், சரக்கு மட்டம், நான் அனுப்புன ஆள மரியாத இல்லாம நடத்துனியேன்னு களிமண் பலகைல திட்டி எழுதறான், கிமு 1750 வாக்குல, அது இன்னிக்கும் பிரிட்டிஷ் மியூசியத்துல பத்திரமா இருக்குது. எகிப்துல செங்கடல் ஓரம் குசைர் அல்-கதீம்ல கெடச்ச பானை ஓட்டுல தமிழ் பிராமில இன்னா எழுதியிருக்குது தெரியுமா, "பானை ஒறி". நம்ம உறிதான்டா. 2000 வருஷமா நின்னுது. பால் கணக்கும் நிக்கலாம், நாம மனசு வச்சா

லதா சித்தி: ஏங்க இங்கதான உக்காந்துனு இருக்கீங்க சாப்ட வாங்க

திவ்யா: லேமினேஷன் பண்ணிடலாமா சித்தப்பா

சேகர் சித்தப்பா: வேணவே வேணாம்மா. சூட்டுல பிளாஸ்டிக் தாளோட ஒட்டிக்கும், அப்புறம் பிரிக்கவே முடியாது

திவ்யா: ஸ்கேன் பண்ணி டிரைவ்ல?

கஸ்தூரி அத்தை: உங்க மாமா போய் மூணு வருஷம் ஆவுது. அவர் போன் லாக்க இன்னும் தொறக்க முடியல

திவ்யா: 😔

பெரியப்பா: தாமிரப்பட்டயம் மாதிரி செப்பேடு அடிச்சிட்டா?

சேகர் சித்தப்பா: அண்ணா செம்ப எவனாவது எடைக்குப் போட்டு உருக்கிடுவான். வானத்துல போனாதான் தப்பிக்கும். 1977ல வாயேஜர் விண்கலத்துல தங்கமுலாம் பூசுன செப்புத்தட்டு அனுப்புனாங்க, 55 மொழில வணக்கம், தெலுங்கு இருக்குது கன்னடம் இருக்குது தமிழ் இல்ல

லதா சித்தி: மா தெலுகு உந்தி கதா 😄

மணி: சித்தி ஆரம்பிச்சிட்டாங்க

பெரியப்பா: மணி திருத்தணிலயே பெட்ரோல் போட்டுனு வா இங்க ரேட்டு ஜாஸ்தி

சேகர் சித்தப்பா: சுட்ட மண்ணுதான் சரி. தண்ணில கரையாது தீல எரியாது கரையான் திங்காது, எடைக்கும் எவனும் வாங்க மாட்டான், அதனாலயே தங்கும். ஆஸ்திரியால ஹால்ஷ்டாட் உப்புச் சுரங்கத்துல 2012லேந்து பீங்கான் பலகைல எழுத்தும் படமும் பதிச்சு அடுக்கினு வர்றாங்க, சாதாரண ஜனங்க கதையும் சேத்து. நார்வே நாட்டு ஸ்வால்பார்டு தீவுல பழைய நிலக்கரிச் சுரங்கத்துல 2020ல கம்ப்யூட்டர் புரோகிராம 186 ஃபிலிம் சுருள்ல வச்சாங்க, 1000 வருஷத்துக்குன்னு. நமக்கு அவ்ளோ தூரம் வேணாம். மொதல்ல போட்டோ எடுத்துக்கலாம், அப்புறம் பச்ச மண் பலகைல ஊசியால கீறி நிழல்ல காய வைக்கணும், வெயில்ல வச்சா வெடிச்சிடும். கார்த்திகைக்கு அகல் சுடறவங்ககிட்ட கேட்டா அவங்க சூளைலயே வச்சிக் குடுப்பாங்க

மணி: 11 நோட்டையுமா

சேகர் சித்தப்பா: 40 பக்கம் பொறுக்கலாம்

பெரியப்பா: இரு ஒண்ண பிரிச்சேன். 3வது நோட்டு. மசி ஊறிப் போயிருக்குது, டம்ளர் வச்ச வட்டம் ஒண்ணு, ஆனா படிக்க முடியுது. "பால் அரை லிட்டர், தண்ணி ஜாஸ்தி. தறில பாவு பிணைச்சவனுக்கு 5 ரூபா. கஸ்தூரி வளைகாப்புக்குப் போன பித்தள அண்டா இன்னும் வரல. கேக்கக் கூடாது."

கஸ்தூரி அத்தை: இந்த மெசேஜ் அழிக்கப்பட்டது

மணி: படிச்சிட்டேன் அத்தே

கஸ்தூரி அத்தை: அது சீர்ல குடுத்தது. அம்மாவே கையால குடுத்தாங்க

பெரியப்பா: நான் கேக்கலியே

லதா சித்தி: வதினா உங்க வீட்டு மொட்ட மாடில துளசி நட்டு வச்சிருக்கறது அதானே

கஸ்தூரி அத்தை: லதா நீ சும்மா இரு

கஸ்தூரி அத்தை: அந்தப் பக்கத்த மண்ணுல எழுதாத சேகரு

சேகர் சித்தப்பா: அக்கா நான் அதத்தான் மொதல்ல எழுதணும்னு நெனைக்கறேன். அண்டாவுக்காக இல்லக்கா. மனசுல வச்சினு உன்கிட்ட கேக்காம இருந்தாங்க பாரு, அது நமக்குத் தெரிய அந்த ரெண்டு வார்த்ததான் இருக்குது

திவ்யா: ஆயா மாங்கா ஊறுகா அளவு எந்த நோட்டு பெரியப்பா

பெரியப்பா: 7. ரெண்டு பக்கம் ஒட்டினு இருக்குது

சேகர் சித்தப்பா: பிரிக்காதீங்க!! நான் வந்து பாக்கறேன், நிழல்ல வைங்க

கஸ்தூரி அத்தை: உப்பு ஒண்ணே கால் படி. எனக்கு ஞாபகம் இருக்குது. எழுதிக்கோ

மணி: எத்தன மாங்காக்கு அத்தே

கஸ்தூரி அத்தை: நேர்ல சொல்றேன்

பெரியப்பா: ஞாயித்துக்கிழம தார்ப்பாய் யார் எடுத்துனு வர்றீங்கன்னு இன்னும் ஒருத்தரும் சொல்லல